வலது கையை நீட்டு

எங்கள் கல்லூரியில் ஒருவனை முதல் தடவை பார்க்கும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். அங்கே கட்டியிருக்கும் கயிற்றில் எந்த நிறமும் எந்த நிறமும் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டால் போதும். அவன் என்ன சாதி, எந்த ஊர்ப் பக்கம், அவனைப் பார்த்துச் சிரிக்கலாமா முறைக்கலாமா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், கேட்காமலும் விடலாம். நான் தினமும் ஏறும் பாபநாசம் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். "உங்க காலேசுல பேரு வாசிக்க வேண்டாம்வே, எல்லாரையும் கையத் தூக்கச் சொன்னாப் போதும்" என்பார்.

நிறங்கள் எவை என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எங்களை ஏன் சொன்னாய் என்று நாலு பேரும், எங்களை ஏன் விட்டாய் என்று நாலு பேரும் வருவார்கள். என் கையிலும் முதல் வருடம் முழுக்க ஒன்று இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரி நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. காலையில் கேட்டில் வாட்ச்மேன் கத்தரிக்கோலோடு நிற்பார். கயிறு கண்டால் வெட்டுவார். பையன்கள் கேட்டுக்கு முன்னால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாலையில் வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் மறுபடி கட்டிக்கொள்வார்கள். ஒருவன் பல்லால் முடிச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவன் அவனுக்குக் கையைப் பிடித்துக் கொடுப்பான். வெளியூர்க்காரன் பார்த்தால், எவ்வளவு ஒற்றுமையான பிள்ளைகள் என்று நினைப்பான்.

நான் சொல்லவந்தது என் மூன்றாம் வருடத்தின் கடைசி நாலு மாதம். பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பினால் சித்திரைப் பரீட்சை வரைக்கும் எங்களுக்குப் படிப்பைத் தவிர மற்ற எல்லாம் உண்டு. கல்லூரி நாள் விழா, என்.எஸ்.எஸ். முகாம், கபடிப் போட்டிகள். எல்லாவற்றிலும் அடிதடியும் உண்டு. விழா ஒத்திகையில் யார் ஆட்டம் முதலில் என்று தொடங்கிய பேச்சு, இரும்பு நாற்காலி பறந்து ஒருவனுக்கு நெற்றியில் ஏழு தையல் போட்டு முடிந்தது. முகாமில் சாம்பார் ஊற்றியவன் ஒரு வரிசையைத் தாண்டிப் போய்விட்டான் என்று அதே சாம்பார்க் கரண்டியால் அவன் மண்டையை உடைத்தார்கள். அடி உதவுறது மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று ஒரு பழமொழி இருக்கிறதல்லவா, அதை எங்கள் பிள்ளைகள் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தம்பியையே அடித்தார்கள்.

இதற்கு நடுவில் சண்டையில்லாத இடம் ஒன்று இருந்ததென்றால் அது கபடிக் களம். சிரிக்க வேண்டாம். அங்கே முழங்காலைக் கட்டி இழுப்போம், நெஞ்சில் ஏறி உட்காருவோம், மண்ணில் முகத்தைத் தேய்ப்போம். எனக்கு இடது தோள் இரண்டு தடவை இறங்கியிருக்கிறது. ஆனால் விசில் அடித்ததும் கீழே கிடப்பவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுவோம். அந்தக் கை யாருடையது என்று பார்க்க மாட்டோம். நான் கேப்டன் ஆனதும் முதலில் போட்ட சட்டம் அதுதான்: களத்துக்குள் கயிறு வரக்கூடாது. முதலில் என் கயிற்றை வெட்டினேன்.

டீமில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். எங்களுக்குள் பெயரைவிட ஊர்தான் பெயர். என்னை வி.கே.புரம் என்பார்கள், விக்கிரமசிங்கபுரம் என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. மூலையில் நின்று காலைப் பிடிப்பவன் மேலப்பாளையம். என் வகுப்புத் தோழன். அவன் உம்மா பீடி சுற்றுவார். அந்த விரல் வேகம் அப்படியே இவனுக்கு வந்திருந்தது. பிடித்தால் விடமாட்டான். வாயும் அப்படித்தான். மற்றவன் முதல் வருடப் பையன், பாடிப் போகிறவன். ஆற்றுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். அவனை மட்டும் எல்லோரும் தம்பி என்றோம். எதிராளி கோட்டுக்குள் போய்ப் பாடிக்கொண்டே வலது கையை நீட்டுவான் பாருங்கள், அந்தக் கை எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாது, தொட்டுவிட்டுத் திரும்பியிருப்பான். விளையாட்டுக் கோட்டாவில் இடம் கிடைத்து வந்தவன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்த வருடம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிவிட்டால் பின்னால் போலீஸ் வேலைக்கு வழி உண்டு என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். அவனுக்கு வேறு வழி கிடையாது, அந்த வலது கைதான் வழி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பங்குனியில் பெரிய போட்டி ஒன்று. ஆற்றோரத்து ஊர் ஒன்றில், இரண்டு நாள். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வருகிறார்கள். எல்லா டீமும் மணிக்கட்டில் ஒரே மாதிரிப் பட்டை போட்டு வருவார்கள், நாமும் போடுவோம் என்று முடிவானது. பட்டை என்றால் நிறம் வேண்டுமே. வண்ணார்பேட்டையில் ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம். எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்துச் சொன்னாலும், ஐயோ அது இன்னாருடையது என்று ஒருவன் சொன்னான். கடைசியில் மேலப்பாளையத்துக்காரன் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான்.

"வானவில்லையே பங்கு போட்டுட்டானுவ. இனி மழை பெஞ்சா யாரு வீட்டு மேல வளைக்கணும்னு மேகம் கேட்டுக்கிட்டுத்தான் வளைக்கணும்."

ஒற்றை நிறம் என்று முடிவு செய்தோம். தனியாக இருந்தால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நிறம். அவன் தங்கை வீட்டில் தைப்பவள். ஏழு பட்டையும் மாற்று ஆட்களுக்கு மூன்றும் தைத்துக் கொடுத்தாள். எனக்கு ரொம்பப் பெருமை. இந்த ஜில்லாவில் சண்டைக்கு இடம் கொடுக்காத நிறத்தைக் கண்டுபிடித்த ஒரே கேப்டன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டி அன்று காலையில் தம்பி வந்தான். வலது மணிக்கட்டில் கனமான நூல் ஒன்று. ஊரில் குலதெய்வத்துக்குக் கொடை விழா, காப்புக் கட்டியிருக்கிறது; அவன் வீட்டிலிருந்து ஒருவர் தீச்சட்டி எடுக்க வேண்டும், இந்த வருடம் அவன் முறை. காப்பு கட்டினவன் கொடை முடியும்வரை அதை அவிழ்க்கக் கூடாது, விளக்கு வைக்கும்போது ஊரில் இருக்க வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். நடுவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டே தம்பி என்னிடம் கேட்டான்.

"அண்ணே, காப்பு இருக்குல்லா. பட்டைய இடது கையில போட்டுக்கிடட்டா?"

"எல்லாரும் வலது கையில போடும்போது நீ மட்டும் என்ன இடது கை? டீம்னா டீம்லே."

அவன் போட்டுக்கொண்டான். பட்டைக்கு மேலே காப்பு ஒட்டி நின்றது. நான் அந்தக் காப்பைப் பார்த்தேன். காப்பாகத்தான் பார்த்தேன். நிறமாகப் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க எல்லா ஜோடி நிறத்தையும் எண்ணியவன் நான், அங்கே ஒரு ஜோடி நிற்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. சாமி காரியத்துக்கு நிறம் கிடையாது என்று ஒரு நினைப்பு உள்ளே கிடந்திருக்கிறது.

தோன்ற வேண்டியவர்களுக்குத் தோன்றியது. அந்த ஊர்க்காரர்களுக்கும் அந்த இரண்டு நிறத்தையும் சேர்த்துக் கட்டுகிறவர்களுக்கும் பழைய பகை. அரையிறுதியில் தம்பி ஒரே தடவை பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி வந்து, தொடையைத் தட்டி வலது கையைத் தூக்கினான். கூட்டத்தில் ஒரு பக்கம் கைதட்டல் நின்றுபோனது. எனக்கு அந்த அமைதிகூடப் பிடித்திருந்தது. பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுபடி மறுபடி அவனையே பாடப் போகச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவன் கையைத் தூக்கினான். நாங்கள் ஜெயித்தோம்.

இறுதிப் போட்டி மறுநாள். மற்றவர்கள் அங்கேயே பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். விளக்கு வைப்பதற்குள் தம்பி ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதால் நானும் மேலப்பாளையத்துக்காரனும் அவனோடு மூன்றரை மணி பஸ் ஏறினோம். கிளம்பும்போது வேலியோரத்தில் நின்ற ஒருவன் தம்பியிடம் எந்த ஊர் என்று கேட்டான். தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான்.

பஸ்ஸில் கூட்டமில்லை. முருங்கைக்காய்க் கட்டோடு இரண்டு பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு குடும்பம். தேர்வாளர் ஒருவர் தன் பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். வாய்க்கால் பாலத்தில் இரண்டு பைக் குறுக்கே நின்றன. டிரைவர் பிரேக் போட்டார். மூன்று பேர் ஏறினார்கள். முகத்தை மறைக்கவில்லை. எங்கள் வயசுதான். முன்னால் வந்தவன் சட்டைக்குப் பின்னாலிருந்து அரிவாளை எடுத்தான்.

"வலது கைய நீட்டுங்கலே."

மூன்று பேரையும்தான் கேட்டான். நான் நீட்டினேன். மேலப்பாளையத்துக்காரன் நீட்டினான். ஒற்றைப் பட்டை. எங்கள் இருவரையும் தாண்டி அவன் கண் போனது. தம்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன், "அது காப்பு அண்ணே, எங்க கொடைக்கு..." என்று ஆரம்பித்தான். காப்பைக் காட்டுவதற்காகத்தான் கையை நீட்டினான். அந்த இரண்டு நிறத்துக்காரர்களுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவன் வெட்டவந்தவர்கள் சாதியும் இல்லை.

முதல் வெட்டு மணிக்கட்டுக்குக் கீழே விழுந்தது. இரண்டாவது சீட்டுக் கம்பியில் பட்டுத் தீப்பொறி பறந்தது. மூன்றாவது மறுபடி கையில். நான் ஏழு பேரை ஒற்றை ஆளாக மடக்கியிருக்கிறேன் என்று அந்த வருடம் முழுக்கப் பீற்றிக்கொண்டவன். என் கால் அசையவில்லை. மேலப்பாளையத்துக்காரன்தான் பாய்ந்து, மண்ணில் பாய்வதுபோல, வெட்டியவனின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக் கவிழ்த்தான். கூட வந்தவர்களில் ஒருவன் மேலப்பாளையத்துக்காரனின் முதுகில் மிதித்தான், விலாவில் மிதித்தான். இவன் விடவில்லை. பெண்களில் ஒருத்தி முருங்கைக்காய்க் கட்டை வீசி எறிந்தாள். யாரோ விசில் ஊதினார்கள், கண்டக்டர்தான். அவர்கள் இறங்கி ஓடினார்கள்.

தம்பியின் கை தோலிலும் ஒரு நரம்பிலும் தொங்கியது. ரத்தம் சொட்டவில்லை, குழாய் உடைந்ததுபோல் அடித்தது. மேலப்பாளையத்துக்காரன் தன் சட்டையைக் கழற்றி முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டி, தொங்கும் கையை மேலே தூக்கிப் பிடித்தான். டிரைவர் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் தம்பி அழவில்லை. "பைய, பைய, கை விழுந்துரும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தான். என் அம்மா கோபம் வந்தால் யாரையும் 'கை விளங்காமப் போவ' என்று திட்டுவார். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு அர்த்தம் இருக்கிறது என்று அந்தப் பஸ்ஸில்தான் தெரிந்தது.

கையை ஒட்டவைத்தார்கள். ஆறு மணி நேரம். பிழைத்துவிட்டான், கையும் தங்கிவிடும், ஆனால் விரல்கள் அசையுமா என்று நாலு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். நாங்கள் அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மேலப்பாளையத்துக்காரனுக்கு இரண்டு விலா உடைந்திருந்தது. சிரிக்க முடியவில்லை. அதனால் எங்களைப் பேச வேண்டாம் என்றான். கல்லூரியில் எல்லா நிறத்துக் கைகளும் அந்த வாரம் என்னிடம் வந்தன. ஆள் வேண்டுமா, வண்டி வேண்டுமா என்று கேட்டார்கள். ஒருவன் என் தோளில் கைபோட்டு, "கைக்குக் கை வாங்கலேன்னா நீ என்ன கேப்டன்" என்று கேட்டான். அவன் பேசியது எனக்குத் தேவைப்பட்டது. பட்டையை வலது கையில் போடு என்று சொன்ன வாய் எது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியும் சொல்லவில்லை.

நாலாம் நாள் டாக்டர் சொன்னார். மூன்று விரல் மடங்கும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் வராது.

அன்று மத்தியானம் நான் தனியாக வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் நின்றேன். எங்கள் கல்லூரியின் வேறொரு துறைப் பையன், இரண்டாம் வருடம், சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். வெட்டியவர்கள் நிறம். அவனை எனக்கு முன்பின் தெரியாது. அந்தக் கையைப் பிடித்தேன். பக்கத்துச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முகத்தை மோதினேன். கையைப் பின்னால் முறுக்கினேன். அவன் எதிர்த்து அடிக்கவில்லை. சுவரில் வாயை வைத்துக்கொண்டே சொன்னான்.

"கட்டலேன்னா பஸ்ஸுல எங்க ஊர்ப் பயலுவளே அடிப்பானுவ அண்ணாச்சி. அதுக்குத்தான் கட்டுதேன்."

அது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் கேட்டது. நான் இன்னும் அழுத்தினேன். களத்தில் எந்த இடத்தில் விடவேண்டும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேரை அந்த இடத்தில் விட்டிருக்கிறேன். அதைத் தாண்டி அழுத்தினேன். காய்ந்த அகப்பைக் காம்பு ஒடிவதுபோல ஒரு சத்தம். அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். நான் நடந்து போய் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறினேன். அது எங்கே போகிற பஸ் என்று பார்க்கவில்லை.

இரண்டு நாள் போலீசை எதிர்பார்த்து வீட்டில் கிடந்தேன். மில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். போலீஸ் வரவில்லை. அந்தப் பையன் படியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று வீட்டிலும் கல்லூரியிலும் சொல்லியிருந்தான். உண்மையைச் சொன்னால் அவன் ஊரிலிருந்து ஒரு வண்டி கிளம்பும், அப்புறம் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வண்டி. அவனுக்குப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. பஸ்ஸில் வெட்டிய மூன்று பேரையும் அந்த வாரமே பிடித்துவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேருக்கும் அதே மாதம் பரீட்சை இருந்ததாம்.

சித்திரை வெயிலில் பரீட்சை தொடங்கியது. தம்பிக்கும் அந்தப் பையனுக்கும் எழுத ஆள் வைத்து, இருவரையும் தனியறையில் உட்காரவைத்தார்கள். தம்பிக்கு மேலப்பாளையத்துக்காரனின் தங்கை எழுதினாள். அவள் அப்போது பிளஸ் டூ எழுதிமுடித்திருந்தாள். தம்பி சொல்லும்போது நடுநடுவே எழுத்துப்பிழையைத் திருத்தினாள் என்றும், மேற்பார்வையாளர் அதட்டினார் என்றும் கேள்விப்பட்டேன். நான் என் பரீட்சையை இரண்டு நல்ல கையோடு பெரிய ஹாலில் எழுதினேன். மூன்று மணி நேரத்தில் பாதியைக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தம்பியின் கடைசிப் பரீட்சை அன்று தனியறை வாசலில் போய் நின்றேன். இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள், ஒரு கேள்வியைப் பற்றிப் பேசிக்கொண்டு. ஒருவன் கையில் மாவுக்கட்டு, ஒருவன் கையில் துணிக் கட்டு. அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். தம்பியிடம் தலையாட்டிவிட்டு மறுபக்கப் படி வழியாக இறங்கிப் போனான்.

நாங்கள் கேட்டைப் பார்த்து நடந்தோம். பல்கலைக்கழக அணியின் பட்டியல் அந்த வாரம் வந்திருந்தது; அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"அவன் ஒங்கிட்ட ஏதும் சொன்னானாலே?"

"மொத பரீட்சை அன்னைக்கே சொல்லிட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தண்ணே சொல்ல? நானும் ஒங்ககிட்ட, பட்டைய இடது கையில போடட்டான்னு ஒரு தடவதான் கேட்டேன். அவனும் அந்தச் சந்துல ஒங்ககிட்ட ஒரு மட்டந்தான் சொல்லிருக்கான். ரெண்டு பேரும் இன்னொரு மட்டம் சொல்லிப் பாத்திருக்கணும்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பையைத் தோளிலிருந்து இறக்கி, தண்ணீர் பாட்டிலை எடுத்து வலது கக்கத்தில் இடுக்கி, இடது கையால் மூடியைத் திருகினான். பாட்டில் நழுவியது. மறுபடி இடுக்கினான். மறுபடி நழுவியது. பிறகு என் பக்கம் நீட்டினான்.

"தெறந்து குடுங்கண்ணே."

திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி நீட்டினான். மூடிக் கொடுத்தேன்.